யார் காசுல இந்த முகாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இமிக்ரேஷன்னாலே அது வாஷிங்டன் வேலைதானே சார், அப்புறம் எதுக்கு எங்க ஃப்ளோரிடா கவர்மென்ட் தன் காசைப் போட்டு சதுப்பு நிலத்துக்கு நடுவுல ஒரு முகாமைக் கட்டுச்சு?
- ஒரு வாசகர், டாம்பா

பதில்: நீங்க கேக்கறது நியாயம்தான். யாரை உள்ள விடறது, யாரை வெளிய அனுப்பறதுங்கறது மத்திய அரசோட அதிகாரம்னு 2012ல அரிசோனா கேஸ்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஆனா அதே சுப்ரீம் கோர்ட் 1997ல இன்னொண்ணும் சொல்லுச்சு, கவுண்டிங்கற மாவட்டத்தோட போலீஸ் தலைவரான ஷெரீஃபைக் கட்டாயப்படுத்தி மத்திய அரசு தன் வேலையை வாங்க முடியாது, மாநிலமா மனசு வச்சு ஒத்துக்கிட்டாத்தான் உண்டுன்னு. அந்த மனசை வரவழைக்கத்தான் காசு வருது. 2025 பிப்ரவரில ஃப்ளோரிடா சட்டசபை லோக்கல் போலீசுக்கு கிராண்ட் கொடுக்க 25 கோடி டாலர் ஒதுக்குச்சு, அதுல ட்ரெய்னிங், உபகரணம், கவுண்டி ஜெயில் படுக்கையை மத்திய அரசுக்கு வாடகைக்கு விடற செலவு, கூடவே இதுல கலந்துக்கற போலீஸ்காரருக்கு 1,000 டாலர் வரை போனஸ்.

நீங்க சொல்ற முகாம், அதான் 'அலிகேட்டர் அல்கட்ராஸ்'னு பேர் வச்சாங்களே, அது எவர்கிளேட்ஸ்ல இருக்கற ஒரு பழைய ட்ரெய்னிங் விமான ஓடுதளம். இடம் மயாமி டேட் கவுண்டிக்குச் சொந்தம். படகுல வந்து இறங்கறவங்களைக் காரணம் காட்டி 2023 ஜனவரில ஒரு எமர்ஜென்சி ஆர்டர் போட்டாங்க, அதையே திரும்பத் திரும்ப நீட்டிச்சு அந்த அதிகாரத்துல இடத்தை எடுத்து, சில நாள்லயே டென்ட் போட்டு 2025 ஜூலை முதல் வாரம் திறந்துட்டாங்க. ஒரு படுக்கைக்கு ஒரு நாள் செலவு 245 டாலர்னு கணக்கு சொன்னாங்க, அப்ப வருஷத்துக்கு 89,425 டாலர், மொத்தமா பாத்தா வருஷம் 45 கோடி. இவ்வளவு காசுல உள்ள எப்படி இருந்துச்சுன்னு ஜூலை 12ம் தேதி போய்ப் பாத்த காங்கிரஸ் உறுப்பினர்களே வெளிய வந்து சொன்னாங்க, ஒரு கம்பிக்கூண்டுக்கு 32 பேர், அவங்களுக்கு மூணே டாய்லெட், குடிக்கிற தண்ணியும் பல் தேய்க்கிற தண்ணியும் அந்த டாய்லெட்டோட ஒட்டின குழாய்லேருந்தே. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல சார்.

இதைவிட முக்கியமான விஷயம் கோர்ட்ல நடந்துச்சு. அங்கயே தலைமுறையா வாழற மிக்கோசுக்கி பழங்குடி மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும், சுற்றுச்சூழல் ஆய்வே பண்ணாம எப்படிக் கட்டலாம்னு கேஸ் போட்டாங்க, மாவட்ட நீதிபதி கேத்லீன் வில்லியம்ஸ் ஆகஸ்ட் 21ம் தேதி முகாமைக் காலி பண்ணச் சொன்னாங்க. ரெண்டு வாரத்துல அப்பீல் கோர்ட் ரெண்டுக்கு ஒண்ணுன்னு அந்த உத்தரவை நிறுத்தி வச்சுருச்சு. காரணம் என்ன தெரியுமா? அந்த ஆய்வுச் சட்டம் மத்திய அரசு திட்டத்துக்குத்தான், இது மாநிலம் தன் காசுல கட்டினது, மத்திய அரசு இன்னும் ஒரு டாலர்கூட கொடுக்கலன்னு. சரி, அது செப்டம்பர் 4. அக்டோபர் பிறக்கறப்பவே ஃபீமா வழியா ஃப்ளோரிடாவுக்கு 60.8 கோடி டாலர் ஒப்புதல் ஆயிடுச்சு. புயல் அடிச்சா, வெள்ளம் வந்தா ஓடிவர வேண்டிய ஆபீஸ் அது. கோர்ட்ல நிக்கறப்ப மாநிலத்துக் காசு, கேஸ்லேருந்து தப்பிச்சதும் மத்திய அரசுக் காசு. காசு யாருதுன்னு மாத்தி மாத்திச் சொல்லி பதில் சொல்ற பொறுப்புலேருந்து ரெண்டு பேரும் நழுவுறாங்க, எனக்குக் கோவமே அதுலதான்.

கேள்வி: டெக்சாஸ் பார்டருக்குச் செலவு பண்ணினது திரும்பக் கிடைக்குமா?
- ஒரு வாசகர், ஆஸ்டின்

பதில்: கவர்னர் கிரெக் அபாட் 2021 மார்ச்ல ஆரம்பிச்ச ஆபரேஷன் லோன் ஸ்டாருக்கு இதுவரை 1,100 கோடி டாலருக்கு மேல போயிருக்கு. நேஷனல் கார்டுங்கற மாநிலப் படை, எல்லையில ஓடற ரியோ கிராண்டே ஆத்துல மிதவை, முள்கம்பி, நியூயார்க், சிகாகோவுக்கு ஆட்களை ஏத்தி அனுப்பின பஸ், அத்துமீறி நுழைஞ்சதா கைதானவங்களை அடைக்க டில்லி ஊர்ல ஒரு மாநில ஜெயில், இப்படி எல்லாம் அதுல அடக்கம். இடையில 2022ல பணம் பத்தாம சிறைத்துறை, சிறார் நீதித்துறைன்னு மத்த துறைகள்லேருந்து எடுத்தாங்க. இந்த மாதிரி மாநிலங்களுக்குத் திருப்பித் தரத்தான் 2025 ஜூலை 4ல கையெழுத்தான சட்டத்துல ரெண்டு நிதியாப் பிரிச்சு 1,350 கோடி டாலர் வச்சிருக்காங்க. ஆக வழி திறந்தாச்சு. ஆனா முதல்ல செலவு பண்ணிட்டு அப்புறம் வாஷிங்டனுக்கு பில் அனுப்பலாம்னு ஒரு மாநிலம் பழகிட்டா அடுத்த மாநிலமும் அதையே செய்யும், அந்தக் காசு டெக்சாஸ்ல கால் வைக்காத ஆளோட வரியிலேருந்தும்தான் போகுது.

கேள்வி: நம்ம நாட்டுல மாநில அரசு இப்படி முகாம் நடத்துறது உண்டா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: உண்டு. திருச்சி மத்திய சிறை வளாகத்துல இருக்கற சிறப்பு முகாமை நடத்துறது தமிழ்நாடு அரசுதான், அதிகாரம் மட்டும் மத்திய அரசோட வெளிநாட்டவர் சட்டத்துலேருந்து வந்தது. கோர்ட்ல ஜாமீன் வாங்கின இலங்கைத் தமிழர்களையே திரும்ப அங்க கொண்டுபோய் வச்சிருக்காங்க, விடுதலை கேட்டு எத்தனையோ தடவை உண்ணாவிரதம் இருந்திருக்காங்க. அமெரிக்காவைப் பத்தி மட்டும் பேசிட்டு இதைப் பேசாம இருக்க என்னால முடியாது.

கேள்வி: என் வீட்டுக்காரர் எச்-1பில இருக்கார், பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. ஆனாலும் கார் டெயில் லைட் எரியலன்னு ஒரு போலீஸ்காரர் நிறுத்தினாகூட பயமா இருக்கு சார். லோக்கல் போலீசுக்கு இதுல என்ன வேலை?
- ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: பயம் வர்றதுல தப்பே இல்லம்மா. இமிக்ரேஷன் சட்டத்துல 287(ஜி)ன்னு 1996லேருந்து ஒரு பிரிவு இருக்கு, அதுபடி ஒப்பந்தம் போட்ட ஷெரீஃப் ஆபீஸ் ஆட்கள் ட்ரெய்னிங் எடுத்துட்டு இமிக்ரேஷன் வேலையும் பாக்கலாம். சில ஒப்பந்தம் ஜெயிலுக்குள்ள மட்டும், சிலது ரோட்டுலயும் விசாரிக்க விடும், உங்க கவுண்டி எதுல கையெழுத்துப் போட்டிருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. 2026 ஜனவரி 1லேருந்து டெக்சாஸ்ல ஜெயில் நடத்துற ஷெரீஃப்கள் இப்படி ஒப்பந்தத்துக்குள்ள வந்தாகணும்னு சட்டம், அதுக்கு கவுண்டி ஜனத்தொகையைப் பொறுத்து 80,000லேருந்து 1,40,000 டாலர் வரை மாநிலமே கிராண்ட் தருது.

வெறும் டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு கொடுத்து அனுப்பிட்டா பெரும்பாலும் அதோட முடிஞ்சுடும். கைது பண்ணி ஜெயில்ல பதிவு பண்ணினாத்தான் சிக்கல், கைரேகை அப்படியே இமிக்ரேஷன் டேட்டாபேஸுக்குப் போகும், அவங்க 'டீடெய்னர்' அனுப்பினா வெளிய விட வேண்டிய நேரம் தாண்டியும் 48 மணி நேரம் வச்சிருக்கச் சொல்லுவாங்க. ஆரிகன்ல ஒரு கவுண்டி அப்படி வச்சிருந்தது தப்புன்னு 2014ல கோர்ட் சொல்லியிருக்கு, ஆனா டெக்சாஸ்ல 2017லேருந்தே அதைக் கேட்டுத்தான் ஆகணும்.

பதினெட்டு வயசுக்கு மேல உள்ள வெளிநாட்டுக்காரங்க ஐ-94 (நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு) மாதிரி பதிவுப் பேப்பரைக் கையில வச்சிருக்கணும்ங்கறது சட்டம், அதனால அவர் வெளிய போறப்ப அதை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் கேட்டா காட்டணும், காரைத் திறந்து பாக்கவான்னு கேட்டா வேண்டாம்னு மரியாதையாச் சொல்லலாம், அதுக்கு மேல கேக்கற கேள்விக்கு வக்கீல்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்னு நிறுத்திக்கலாம், பொய் மட்டும் சொல்லவே கூடாது. வக்கீல் நம்பரை போன்ல மட்டும் வைக்காதீங்க, போனை வாங்கி வச்சுருவாங்க, அவரை மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க. அந்த டெயில் லைட் பல்பை இன்னிக்கே மாத்திடுங்கம்மா.