கிதாரில் சம இடைவெளி ட்யூனிங் என்றால் என்ன?

அடுத்தடுத்த கம்பிகளுக்கு நடுவே உள்ள சுர இடைவெளி எங்கும் ஒன்றாகவே இருந்தால் அது சம இடைவெளி ட்யூனிங். வழக்கமான இ-ஏ-டி-ஜி-பி-இ (தடித்த 6ஆம் கம்பி முதல் மெல்லிய 1ஆம் கம்பி வரை) அப்படி இல்லை: ஜி-பி இடைவெளி மட்டும் 4 அரைச்சுரம் (கிதாரின் கழுத்தில் ஒரு ஃப்ரெட் தூரம் ஓர் அரைச்சுரம்), மற்றவை 5. மாடிப்படியில் ஒரு படி மட்டும் உயரம் குறைந்தால் கால் தடுமாறுமே, அப்படித்தான் அங்கே விரலும் தடுமாறுகிறது.

எல்லா இடைவெளியையும் 5 ஆக்க, 2ஆம், 1ஆம் கம்பிகளை அரைச்சுரம் ஏற்றி சி, எஃப் ஆக்குங்கள். எந்தக் கம்பியிலும் 5ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் அடுத்த கம்பியின் சுரம் வர வேண்டும், வந்தால் சரி. இனி ஒரே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வடிவத்தைப் பக்கத்துக் கம்பிகளுக்கு அப்படியே நகர்த்தலாம், கற்பவருக்கு இது பெரிய விடுதலை. ஆனால் ஓரக் கம்பிகள் இரண்டும் இப்போது ஒரே சுரம் அல்ல: 6ஆவது இ, 1ஆவது எஃப். அதனால் ஒரு விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே வைத்து அழுத்தும் பழைய பாரே கார்டு அபசுரமாகும்.

இதுவும் ஓப்பன் ட்யூனிங்கும் ஒன்றல்ல: அதில் வெறும் கம்பிகளை மீட்டினாலே கார்டு ஒலிக்கும், இங்கே நோக்கம் அதுவல்ல.