மக்கள் ஆதரவே இல்லாம சில தலைவர்கள் இருபது முப்பது வருஷம் எப்படி ஓட்டுறாங்க?

"பேச்சா, பணமா, அடியாள் பலமா, எதை வச்சு பதவிக்கு வர்றாங்க, வந்தப்புறம் அதை எப்படி விடாம பிடிச்சுக்கறாங்க"ன்னு கேட்டிருந்தீங்க. மூணுமே உதவும்தான். ஆனா நான் படிச்ச வரைக்கும் இந்த மூணையும் விட பெரிசா ஒண்ணு இருக்கு, பார்க்க ரொம்ப சப்புனு இருக்கும், அதனாலயே யாரும் அதைப் பத்தி பேசறதில்ல. யாரை எந்த சீட்ல உட்கார வைக்கறதுன்னு முடிவு பண்ற உரிமை, அதைத்தான் சொல்றேன். எவ்வளவு பெரிய சர்வாதிகாரியா இருந்தாலும் தனி ஆளா ஒரு நாள் கூட ஆள முடியாது, உத்தரவு போட்டா துப்பாக்கி தூக்க ஆள் வேணும், வரி வசூல் பண்ண ஆள் வேணும், ரேடியோவுல என்ன சொல்லணும்னு பார்த்துக்க ஆள் வேணும், சொன்னபடி தீர்ப்பு எழுத ஜட்ஜ் வேணும். அந்தக் கொஞ்ச பேர் கூட நிக்கற வரைக்கும் நாடே வெறுத்தாலும் அவருக்கு ஒண்ணும் ஆகறதில்ல.

இதுக்கு சோவியத் ரஷ்யாவை ஆண்ட ஸ்டாலினை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. 1922 ஏப்ரல்ல அவருக்குக் கிடைச்சது கம்யூனிஸ்ட் கட்சியோட பொதுச் செயலாளர் பதவி. அப்போ அது ஒரு குமாஸ்தா வேலை மாதிரிதான், ஃபைல் பார்க்கணும், மீட்டிங்குக்கு அஜெண்டா போடணும், எந்த ஊருக்கு யாரை கட்சி செயலாளரா அனுப்பறதுன்னு லிஸ்ட் தயார் பண்ணணும். ட்ராட்ஸ்கி மாதிரி ஆளுங்க அதைத் திரும்பிக் கூட பார்க்கல, அவர் செஞ்சேனையைக் கட்டினவர், மேடை ஏறினா கூட்டம் மெய்மறந்து கேக்கும், அவருக்கு எதுக்கு இந்த பேப்பர் வேலை. ஆனா சுத்து எப்படி வருதுன்னு பாருங்க: செயலாளர் லோக்கல் ஆளுங்களை நியமிக்கறார், அந்த லோக்கல் ஆளுங்க மாநாட்டுக்கு யார் வரணும்னு பார்த்துக்கறாங்க, மாநாடு மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்குது, மத்தியக் குழு திரும்ப செயலாளரைத் தேர்ந்தெடுக்குது. ரெண்டு மூணு வருஷம் இந்தச் சக்கரம் சுத்தினா போதும், கையைத் தூக்கற ஒவ்வொருத்தனும் தன் வேலைக்கு யாருக்கு நன்றி சொல்லணும்னு தெரிஞ்சவனா இருப்பான்.

லெனினுக்கு இது லேட்டாப் புரிஞ்சுது. 1923 ஜனவரியில, படுத்த படுக்கையா இருந்தப்போ, ஸ்டாலினை அந்தப் பதவியில இருந்து தூக்கணும்னு சொல்லி எழுத வச்சார். 1924ல அவர் செத்துப்போனார், அந்தக் கடுதாசி கட்சிக்காரங்க முன்னாடி வந்துச்சு, அப்படியும் ஒண்ணும் நடக்கல. ஏன்னா கட்சியோட பெரிய தலைவர்களான ஜினோவியேவும் காமெனேவும் ஸ்டாலினுக்கு சப்போர்ட் பண்ணாங்க. அவங்க பயந்தது ட்ராட்ஸ்கியைப் பார்த்து, இந்த அமைதியான ஆளு பரவால்லன்னு நினைச்சாங்க. அவங்களை வச்சு ட்ராட்ஸ்கியை ஓரங்கட்டினார், அப்புறம் இன்னொரு தலைவரான புகாரினை வச்சு அவங்க ரெண்டு பேரையும் ஓரங்கட்டினார், அப்புறம் புகாரினையும் ஓரங்கட்டினார். 1936ல ஜினோவியேவ், காமெனேவ் சுட்டுக் கொல்லப்பட்டாங்க, 1938ல புகாரின். 1929லயே நாடு கடத்தப்பட்ட ட்ராட்ஸ்கியை 1940ல மெக்ஸிகோ வரைக்கும் ஆள் அனுப்பி முடிச்சாங்க. ஒரே நேரத்துல எல்லாரையும் எதிர்த்திருந்தா அவர் தோத்திருப்பார்னுதான் நான் நினைக்கறேன், ஒவ்வொரு தடவையும் ஒரு எதிரி, கூட ரெண்டு கூட்டாளின்னு கணக்கு போட்டார்.

(நான் கொஞ்ச காலம் ஒரு சின்ன சங்கத்துல செயலாளரா இருந்தவன். தலைவர் பதவிக்குத்தான் அடிதடி நடக்கும், செயலாளர்னா யாரும் போட்டி போட மாட்டாங்க. ஆனா மீட்டிங் எப்போ, எதை முதல்ல பேசறது, எதை நேரம் இல்லன்னு தள்ளி வைக்கறது, மினிட்ஸ்ல எப்படி எழுதறது எல்லாமே அவன் கையில. அங்கயே அப்படின்னா, ஒரு வல்லரசுல எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.)

பதவிக்கு வர்ற வழியில அடிக்கடி பார்க்கற இன்னொரு விஷயம், மேல இருக்கறவங்க "இவரை நாம கைக்குள்ள வச்சுக்கலாம்"னு நினைச்சு அவங்களே தூக்கி உட்கார வைக்கறது. ஹிட்லரை ஜெர்மனியோட சான்சலர், அதாவது பிரதமர் மாதிரி, ஆக்கினது 1933 ஜனவரி 30. அதுக்கு முந்தின நவம்பர் எலெக்‌ஷன்ல அவர் கட்சிக்கு ஓட்டு குறைஞ்சிருந்துச்சு, 37 சதவீதத்துல இருந்து 33க்கு இறங்கிடுச்சு, பெரும்பான்மை எப்பவுமே கிடைச்சதில்ல. முன்னாள் சான்சலர் பாப்பென் மாதிரி பழைய ஆளுங்க போட்ட பிளான் என்னன்னா, கேபினெட்ல ஹிட்லரைத் தவிர நாஜிகளுக்கு ரெண்டே சீட், மீதி எல்லாம் நம்ம ஆளுங்க, அப்புறம் இவரால என்ன பண்ண முடியும்னு. எண்ணிக்கை சரிதான், ஆனா எந்த சீட்டுன்னு பார்க்கல. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் கோரிங், அவர் கைக்கு பிரஷ்யாவோட உள்துறை போச்சு, அதாவது ஜெர்மனியில பாதிக்கு மேல இருக்கற பகுதியோட போலீஸ். அடுத்த மாசமே தன் கட்சி அடியாளுங்களைத் துணைப் போலீஸா சேர்த்தார். பிப்ரவரி 27 பார்லிமென்ட் கட்டடம் எரிஞ்சுது, மறுநாள் அவசரச் சட்டம், மார்ச் 23ல பார்லிமென்ட் இல்லாமலே சட்டம் போடற அதிகாரம். ரெண்டு மாசம் கூட ஆகல.

இந்திரா காந்தி கதை வேற மாதிரி, ரெண்டையும் ஒப்பிடல, ஆனா ஆரம்பத்துல இருந்த தப்புக் கணக்கு ஒண்ணுதான். 1966ல காமராஜரும் மத்த பெரிய தலைகளும் மொரார்ஜியைத் தவிர்க்கணும்னுதான் அவங்களைக் கொண்டு வந்தாங்க. 1969ல அதே தலைகளோட மோதி, 14 பேங்க்கை தேசியமயமாக்கி, கட்சியையே ரெண்டா உடைச்சு, 1971 தேர்தல்ல பழைய தலைகளை ஓரத்துக்குத் தள்ளிட்டாங்க. இவங்க மக்களை நேராப் போய் பிடிச்சாங்க, ஸ்டாலின் மாதிரி லிஸ்ட் போட்டு இல்ல. ஆனா ஜெயிச்சதுக்கு அப்புறம் கட்சிக்குள்ள எல்லா நியமனமும் மேல இருந்துதான் வந்துச்சு, அதையும் சொல்லணும்.

வந்தாச்சு, எப்படித் தக்க வச்சுக்கறது? இங்கதான் எனக்கு மொபுட்டு ஒரு வாத்தியார் மாதிரி தெரியறார். காங்கோவுல 1965ல ராணுவப் புரட்சி பண்ணி வந்தவர், 1997 வரைக்கும் இருந்தார். மந்திரிகளை யாரையும் ஒரு இடத்துல நிலைக்க விட மாட்டார், சுத்திக்கிட்டே இருப்பாங்க, சம்பாதிக்கவும் விடுவார், எப்போ வேணா தூக்கவும் செய்வார். அவர்கிட்ட இருந்த இங்குசா கார்ல்-இ-போண்டுங்கறவரைப் பாருங்க. வெளியுறவு மந்திரியா இருந்தார், 1977ல துரோகின்னு சொல்லி மரண தண்டனை கொடுத்தாங்க, அப்புறம் மன்னிப்பு, 1980ல பிரதமர், அடுத்த வருஷமே வெளிநாட்டுக்குத் தப்பிச்சு ஓடி மொபுட்டுவோட ஊழலை அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி முன்னாடியே புட்டுப் புட்டு வச்சார், சரி இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சா 1985ல திரும்பி வர்றார், 1986ல அதே அமெரிக்காவுக்கே தூதர், 1988ல மறுபடி வெளியுறவு மந்திரி, 1991ல மறுபடி பிரதமர்! கேக்க காமெடியா இருக்கும், ஆனா இதைப் பார்க்கற மத்த மந்திரிகளுக்குப் போற செய்தி என்ன? எதிர்த்தா உயிர் போகலாம், வந்து கால்ல விழுந்தா மறுபடி மந்திரி ஆகலாம், ரெண்டையும் முடிவு பண்றது ஒரே ஆளு. இப்படி ஒரு சூழ்நிலையில யாரும் யாரோடயும் சேர்ந்து சதி பண்ண மாட்டாங்க, பக்கத்துல இருக்கறவன் நாளைக்கு மன்னிப்பு வாங்கிட்டு நம்மளைக் காட்டிக் கொடுத்தா என்ன பண்றதுன்னு பயம்.

சதாம் உசேன் இதையே வெறும் பயத்தை வச்சுப் பண்ணார். 1979 ஜூலையில, ஜனாதிபதி ஆகி ஒரு வாரம் கூட ஆகல, கட்சி மீட்டிங்கைக் கூட்டி ஒவ்வொரு பேரா வாசிக்க வாசிக்க ஆளுங்களை வெளிய இழுத்துட்டுப் போனாங்க, மொத்தம் 68 பேர், அதுல 22 பேருக்கு மரண தண்டனை. அதை வீடியோ எடுக்கச் சொன்னது அவரேதான். மிச்சம் இருந்த கட்சிக்காரங்க கையிலயே துப்பாக்கியைக் கொடுத்து சுட வச்சாங்க. ரத்தம் எல்லார் கையிலயும் பட்டாச்சு, இனிமே யார் எந்தப் பக்கம் தாவ முடியும்?

இதெல்லாம் சர்வாதிகாரிங்க கதை, ஜனநாயகத்துல அப்படி இல்லன்னு நீங்க சொல்லலாம். வித்தியாசம் நிச்சயமா இருக்கு, பெரிய வித்தியாசம். ஜெயிக்கறதுக்கு லட்சக்கணக்கான பேர் வேணும்னா எல்லாரோட பாக்கெட்லயும் தனித்தனியா பணம் போட முடியாது, ரோடு, ஸ்கூல், ஆஸ்பத்திரின்னு பொதுவா ஏதாவது செஞ்சுதான் ஆகணும், நூறு ஜெனரல் போதும்னா ரோடு எதுக்கு. அதனாலதான் எலெக்‌ஷன் இருக்கற நாட்டுல மோசமான தலைவர் கூட கொஞ்சம் வேலை செய்யறார். ஆனா அங்கயும் ஒரு சின்ன ரூம் இருக்கு. பிரிட்டன் பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சர் 1979, 1983, 1987ன்னு மூணு பொதுத் தேர்தல் ஜெயிச்சவங்க, எந்தப் பொதுத் தேர்தல்லயும் தலைவரா தோத்ததே இல்ல. 1990 நவம்பர்ல அவங்களை வீட்டுக்கு அனுப்பினது சொந்தக் கட்சியோட 372 எம்.பி.க்கள். அதுலயும் கட்சித் தலைவர் தேர்தலோட முதல் சுத்துல அவங்கதான் முன்னணி, அவங்களுக்கு 204, எதிர்த்து நின்னவருக்கு 152. ஆனா கட்சி விதிப்படி 56 ஓட்டு வித்தியாசம் வேணும், இவங்களுக்கு 52தான், நாலு ஓட்டு குறைஞ்சுது. மறுநாள் சாயங்காலம் மந்திரிகளை ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பேசினாங்க, பெரும்பாலும் எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், நான் உங்க கூடத்தான் இருக்கேன், ஆனா நீங்க ஜெயிக்க மாட்டீங்க. அந்தம்மா 11 வருஷத்துல எம்.பி.க்களோட நேரம் செலவு பண்றதைக் குறைச்சுக்கிட்டே வந்தாங்க, ஓட்டெடுப்பு அன்னிக்கு கூட பாரிஸ்ல இருந்தாங்க, பார்லிமென்ட் டீ ரூம்ல உட்கார்ந்து பத்து பேர்கிட்ட நாலு வார்த்தை பேசியிருந்தா கதையே மாறியிருக்கலாம்.

கூட்டம் தெருவுக்கு வந்தா தலைவர் விழுந்துடுவார்னு பலர் நினைக்கறோம். கூட்டம் முக்கியம்தான், ஆனா அது வேலை செய்யற விதம் வேற, அது உள்ள இருக்கறவங்களோட கணக்கை மாத்துது. ருமேனியாவுல 1989 டிசம்பர் 21 சௌசெஸ்கு பால்கனியில நின்னு பேசறார், கட்சியே கூட்டிட்டு வந்த கூட்டம், திடீர்னு கூச்சல், டிவியில நேரலை. அந்த ஆளோட முகம் குழம்பிப் போறதை நாடே பார்த்துச்சு. அதுவரைக்கும் ஒவ்வொருத்தனும் "நான் மட்டும்தான் வெறுக்கறேன் போல"ன்னு நினைச்சுக்கிட்டு இருந்தவன். மறுநாள் ராணுவம் மாறிடுச்சு, அவர் ஹெலிகாப்டர்ல ஓடினார், 25ஆம் தேதி சுட்டுட்டாங்க. பிலிப்பைன்ஸ்ல மார்கோஸும் அப்படித்தான், 1985 நவம்பர்ல தானே அமெரிக்க டிவியில வந்து திடீர் தேர்தல் அறிவிச்சார், ஜெயிச்சுடுவோம்னு அவ்வளவு நம்பிக்கை. கள்ள ஓட்டு கோபம் ஒரு பக்கம், ஆனா அவரை முடிச்சது பாதுகாப்பு மந்திரி என்ரிலேயும் ராணுவத்துல இருந்த ராமோஸும் 1986 பிப்ரவரி 22 அணி மாறினது, அதுக்கப்புறம்தான் ஜனங்க போய் அவங்களைச் சுத்தி நின்னாங்க. மூணே நாள்ல மார்கோஸ் மாளிகையை விட்டு ஓடினார், போய்ச் சேர்ந்தது ஹவாய்ல. இந்தோனேசியாவோட சுகார்த்தோவுக்கு 1998 மே 20 ராத்திரி 14 மந்திரிங்க ஒண்ணா கையை விரிச்சாங்க, மறுநாள் காலையில 32 வருஷ ஆட்சி முடிஞ்சுது. இப்படி விழுந்தவங்க பலர் கடைசி வாரம் வரைக்கும் தனக்கு ஆதரவு இருக்குன்னு உண்மையிலேயே நம்பியிருக்காங்க, பயத்தை வச்சு ஆண்டா யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க, அந்த விலையைக் கடைசியில மொத்தமா கட்டணும்.

கடைசியா "ஏன் மரியாதையா ரிட்டயர் ஆகிப் போக மாட்டேங்கறாங்க"ன்னு கேட்டிருந்தீங்க. பதவி ஆசை ஒரு பங்கு. எனக்கு அதை விட பெரிசா தோணறது, இறங்கினா என்ன ஆகும்ங்கற பயம். வாரிசுன்னு ஒருத்தரைக் கை காட்டினா அன்னையில இருந்து எல்லாரும் அவர் வாசல்லதான் நிப்பாங்க, காட்டலன்னா உள்ளயே சண்டை. ஜிம்பாப்வேயோட ஜனாதிபதி முகாபே 2017 நவம்பர்ல துணை ஜனாதிபதி நங்காக்வாவை நீக்கினார், மனைவிக்கு வழி விடத்தான்னு எல்லாரும் பேசினாங்க, பத்து நாள்க்குள்ள ராணுவ டாங்கி ரோட்டுல நின்னுது, 37 வருஷம் அவரைத் தாங்கிப் பிடிச்ச அதே ராணுவம். தான்சானியாவோட நைரேரே 1985லயும் தென்னாப்பிரிக்காவோட மண்டேலா 1999லயும் தானா இறங்கினாங்க, ரெண்டு பேருக்கும் இறங்கினப்புறம் ஜெயிலுக்குப் போகற பயம் இருக்கல. அந்தப் பயம் இருக்கறவங்க முதல்ல அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் இறங்குவாங்க. ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சின் 1999 டிசம்பர் 31 டிவியில வந்து ராஜினாமா பண்றேன்னார், அதே நாள்ல தற்காலிக ஜனாதிபதி ஆன புடின் முதல்ல கையெழுத்து போட்ட உத்தரவுல ஒண்ணு, முன்னாள் ஜனாதிபதி மேல கேஸ் போடக் கூடாதுங்கறது. புடினோ 2020ல அரசியல் சட்டத்தைத் திருத்தி, தேர்தல்ல ஜெயிச்சுக்கிட்டே இருந்தா 2036 வரைக்கும் இருக்கலாம்னு வழி பண்ணிக்கிட்டார்.