தேர்வுத்திறன் 0.8-இல் நிற்பது ஏன்?

வணக்கம். கடலூரில் மூன்று மாதமாக, வாயுக்களைப் பிரிக்கப் பாலிசல்ஃபோன் என்ற பாலிமரில் சவ்வு வார்த்தும், கரியமில வாயுவுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான தேர்வுத்திறன் (முன்னது பின்னதைவிட எத்தனை மடங்கு எளிதாகச் சவ்வைக் கடக்கிறது என்ற எண்) 0.8-ஐத் தாண்டவில்லை, ஆய்வையே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம்; அந்த எண்ணே விடையைச் சொல்கிறது. நைட்ரஜனின் மூலக்கூறு எடையான 28-ஐக் கரியமில வாயுவின் 44-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அதே 0.8 வரும்; மிக நுண்ணிய துளைகளில் வாயுக்கள் ஓடும் வேக விகிதம் இதுதான். அதாவது, வாயு பாலிமரில் கரைந்து ஊடுருவாமல், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியே ஓடிவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைக் காற்றில் வார்த்தால், பாலிமரைக் கரைத்துவைத்திருக்கும் டி.எம்.எஃப். (டைமெத்தில்ஃபார்மமைடு) கரைப்பான் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், கண்ணாடித் தகட்டின்மேல் தெளிவாக இருக்க வேண்டிய படலம் ஓரத்திலிருந்து கஞ்சித் தண்ணீர் போல வெளுத்துவரும்; அந்த வெளுப்பு துளை விழுவதன் அடையாளம். புதுச்சேரியில் ஒரு மழைக்காலம் முழுவதையும் நான் இப்படித்தான் இழந்தேன் (பழியைப் பாலிமர் மூட்டையின்மேல் போட்டேன் என்பது வேறு கதை). உலர்ந்த நைட்ரஜன் ஓடும் மூடிய பெட்டிக்குள் வார்த்துப் பாருங்கள். அப்போதும் துளை எஞ்சினால், மேலே சிலிக்கோன் ரப்பரை மெல்லியதாகப் பூசுங்கள். மான்சாண்டோ நிறுவனத்தில் ஹெனிஸும் டிரிபோடியும் கண்ட இந்த உபாயமே பிரிசம் என்ற பெயரில் வந்த வாயு பிரிக்கும் சவ்வுகளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசேர்த்தது. பாலிசல்ஃபோனில் 20-ஐ ஒட்டிய எண் கிடைத்த பிறகு, ரோப்சன் 2008-இல் இந்த வாயு இணைக்கு வரைந்த மேல்வரம்புக் கோட்டைப் (வாயு ஊடுருவும் அளவு கூடும்போது பாலிமர் சவ்வு எட்டக்கூடிய உச்சத் தேர்வுத்திறனைக் காட்டும் கோடு) பற்றிக் கவலைப்படலாம்.