வைஃபை இருக்கும்போதும் மொபைல் டேட்டா ஏன் கரைகிறது? எப்படி நிறுத்துவது?

மேலே வைஃபை ஐகான் தெரிந்தாலும், அதன் வேகம் மந்தமாக இருந்தால் போன் உங்களைக் கேட்காமலே சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஐபோனில் இந்த வேலையைச் செய்வது வைஃபை அசிஸ்ட். 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் வந்தது. வாங்கும்போதே ஆன் ஆகித்தான் இருக்கும். செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பக்கத்துக்குப் போய், நீளமான ஆப் பட்டியலையெல்லாம் தாண்டிக் கீழே தள்ளினால்தான் கண்ணில் படும், அதை ஆஃப் செய்துவிடுங்கள். இவ்வளவு அடியில் ஏன் ஒளித்து வைத்தார்களோ! சாம்சங் போனில் வைஃபை பக்கத்தில் இன்டெலிஜென்ட் வைஃபை என்று இருக்கும், அதற்குள் போய் மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதியை ஆஃப் செய்துவிடுங்கள்.

இன்னொரு பக்கம், திறக்காத ஆப்களும் பின்னணியில் டேட்டாவை இழுக்கும். ஆண்ட்ராய்டில் டேட்டா சேவரை ஆன் செய்தால் அது பெருமளவு அடங்கும். ஆனால் வாட்ஸ்அப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் வெளியே போகும்போது, ஆப்பைத் திறந்தால்தான் மெசேஜ் வந்து விழும் நிலை வரலாம்.

அப்புறம் அதே வாட்ஸ்அப்பில், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள் மொபைல் டேட்டாவுக்கான ஆட்டோ டவுன்லோடில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். குடும்பக் குரூப்பில் இருப்பவர்களுக்கு, என்னைக் கேட்டால், முதல் வேலையே இதுதான். பிளே ஸ்டோர் அப்டேட்டை வைஃபையில் மட்டும் என்று மாற்றினால் சரி.