அத்தையின் கூலியை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

கேள்வி: மொடக்குறிச்சிக்கு அருகில் எங்கள் ஊர். இரண்டு ஆண்டுகளாகச் சாம்பார் பொடி, மிளகாய்த் தூள் ஆகியவற்றை வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக விற்கிறேன். அரைக் கிலோ 220 ரூபாய், கூரியர் இலவசம். சரக்குக்கு 110, கூரியருக்கு 60, பெட்டிக்கு 15 போக 35 ரூபாய் மிஞ்சும். நாளுக்கு 15 பார்சல் போகிறது. பொருள் கைக்கு வந்ததும் பணம் தருவதாகச் சொல்பவர்களிடமிருந்து இரண்டு திரும்பி வந்துவிடும். அதற்கும் தலா 60 ரூபாய் கூரியருக்குத் தர வேண்டும். வறுப்பது, கட்டுவது எல்லாம் அத்தைதான்; அவர்களுக்கு வேறு வேலையில்லை, இருமல் வந்து படுத்தால்தான் பார்சல் தாமதமாகும். கையில் காசு நிற்பதில்லை. எந்தக் கூரியர் மலிவு?

பதில்: அம்மணி, கூரியரைப் பிறகு பார்ப்போம். ‘அவர்களுக்கு வேறு வேலையில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நாள்தோறும் மிளகாய் வறுத்து, தூளை நிறுத்து, பாக்கெட்டில் அடைத்து ஒட்டுகிற ஒருவருக்கு வரும் இருமலைப் பார்சலுக்கு வந்த தடங்கலாக மட்டும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்த நெடியும் தூளும்தான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டியது மருமகளாகிய உங்கள் கடமை, உங்கள் கணவரின் கடமையும்கூட.

தறியானாலும் தோட்டமானாலும் வீட்டாள் உழைப்புக்குக் கூலி எழுதாத பழக்கம் நம் கொங்குப் பக்கத்தில் ஊறிப்போனது. அதைக் குடும்ப ஒற்றுமை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கைக்குப் போய்ச் சேரும் 13 பார்சலில் 455 ரூபாய் மிஞ்சுகிறது, திரும்பும் இரண்டில், நசுங்கிய பெட்டியைச் சேர்க்காமலே, போக வர 240 ரூபாய் போய்விடுகிறது, மீதி 215. இதே வேலைக்கு வெளியாள் ஒருவரை அழைத்தால் 300 ரூபாய்க்குக் குறைந்து வருவாரா? ஆக, நாளுக்கு 85 ரூபாய் நஷ்டத்தில் ஓடும் தொழிலை உங்கள் அத்தையின் உடம்பு தாங்கிக்கொண்டிருக்கிறது. காசு நிற்காததற்குக் காரணத்தைக் கூரியரிடம் தேடாதீர்கள்.

பாக்கெட்டுக்கு 20 ரூபாய் கூலியை விலையில் ஏற்றி, பொடி 180, கூரியர் தனி என்று அறிவியுங்கள். கைப்பக்குவத்துக்காக உங்களைத் தேடி வருகிறவர்கள் இதற்காக விலகமாட்டார்கள். விலகுகிறவர்களுக்காக ஒரு வயதான பெண் இருமிக்கொண்டே வறுக்க வேண்டியதில்லை. புதிய வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் ஜிபேயில் முழுப் பணம் வந்த பிறகே பார்சலைக் கட்டுங்கள்.

பெட்டியையும் மாற்ற வேண்டும். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதில் வரும் கிலோ, உண்மையான எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கே பணம் வாங்குகின்றன. 20, 15, 10 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டி, உள்ளே எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும், 600 கிராமாகிவிடும். அரைக் கிலோ பொடியோ உறையின் எடை சேர்ந்ததுமே 500 கிராமைத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடுகிறது. 200 கிராம் பாக்கெட் இரண்டைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. விலையையும் அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண், நிகர எடை, தயாரித்த தேதி ஆகியவை பாக்கெட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். கூரியர் எட்டாத கிராமத்து முகவரிகளுக்கு ஸ்பீடு போஸ்ட் போதும்.

வறுக்கவும் அடைக்கவும் ஆள் வைத்து, அவருக்கு முகக்கவசமும் காற்றோட்டமான இடமும் கொடுங்கள். அத்தை விரும்பினால் பக்குவம் மட்டும் பார்க்கட்டும். அதற்கான கூலி மாதம் தவறாமல் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். அதற்கு முன், இந்த வாரமே வறுப்பை நிறுத்திவிட்டு, நீங்களும் உங்கள் கணவருமாக அவரை ஈரோட்டில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை புதிய ஆர்டர் எடுப்பதில்லை என்று இன்றைக்கே ஸ்டேட்டஸில் போட்டுவிடுங்கள்.