லாரி போய்விட்டது, படபடப்பு போகவில்லையே?

கேள்வி: ஸ்கூட்டரில் போகும்போது ஒரு லாரி உரசுகிற மாதிரி கடந்து போனது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரமாகியும் சோறு இறங்கவில்லை. ஆபத்து முடிந்தது மூளைக்குத் தெரியாதா?
- வாசகி, திருச்சி

பதில்: தெரியும். ஆனால் அது அனுப்பிய ஆளைத் திரும்பக் கூப்பிட முடியாது, அதுதான் சிக்கல்.

லாரியைப் பார்த்ததும் நெஞ்சு திடுக்கென்று அடித்ததே, அது நரம்பு வழி, நொடியில் நடப்பது. இன்னொன்று ரத்தத்தின் வழியாகப் போகிற மெதுவான வேலை. அது தொடங்குகிற இடம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிற ஹைபோதலாமஸ். அங்கே சி.ஆர்.ஹெச். என்ற ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் இருக்கின்றன. அவை சாதாரண நேரத்தில் சும்மா இருப்பதில்லை, அடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்து செல்கள் 'காபா' என்ற ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கும், அதுதான் பிரேக். ஆபத்து என்று சேதி வந்தால் பிரேக் தளரும், குளூட்டமேட் என்கிற இன்னொரு ரசாயனம் முடுக்கிவிடும். சி.ஆர்.ஹெச். மூளைக்குக் கீழே இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய், அங்கிருந்து ஏ.சி.டி.ஹெச். என்ற இன்னொரு ஹார்மோன் கிளம்பி, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோனை விடும். அது உச்சத்துக்கு வரவே 20, 30 நிமிடம் ஆகும், அதாவது லாரி அடுத்த ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். ரத்தத்தில் அது பாதியாகக் குறைய இன்னும் ஒரு மணி நேரம், சிலருக்குக் கூடவும் ஆகும்.

(இந்த சி.ஆர்.ஹெச்.சின் அமைப்பை 1981-ல் அமெரிக்க விஞ்ஞானி வைலி வேலின் குழு கண்டுபிடித்தது. வெறும் 41 அமினோ அமிலம். அதற்காகச் சேர்த்த செம்மறி ஆட்டு ஹைபோதலாமஸ்கள் ஏறத்தாழ 5 லட்சம்!)

சரி, நிறுத்துவது யார்? கார்ட்டிசாலேதான். அது மூளைக்குத் திரும்பி வந்து, தன்னைக் கிளப்பிவிட்ட செல்களையே அடக்குகிறது. அதற்கு அந்த செல்கள் செய்கிற ஒரு வேலை வேடிக்கையானது: தங்களுக்குச் சேதி அனுப்புகிற நரம்பு முனையை நோக்கி, எதிர்த்திசையில், ஒரு கொழுப்புப் பொருளை விட்டு 'போதும்' என்கின்றன. கஞ்சா போய் ஒட்டுகிற அதே ஏற்பியில்தான் (செல்லின் மேல் சேதி வாங்குகிற இடம்) இதுவும் ஒட்டுகிறது!

காபா என்ற அந்த பிரேக்கும் சில சமயம் காலை வாரும். செல்லுக்குள் குளோரைடு குறைவாக இருந்தால்தான் அது பிடிக்கும். மன அழுத்தத்துக்கு உள்ளான எலிகளில், செல்லுக்குள்ளிருந்து குளோரைடை வெளியே இறைக்கும் பம்பு பலவீனமாகி, காபா வந்தாலும் செல் அடங்காமல் போவதைக் கனடாவின் கால்கரியில் ஓர் ஆய்வுக் குழு 2009-ல் காட்டியது.

அப்புறம் அந்தச் சோறு. மூளைக்குள் சி.ஆர்.ஹெச். பசியையும் அடக்கும், அதனால் அன்றைக்கு இறங்காததில் ஆச்சரியமில்லை. ராத்திரி பசித்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பசித்திருந்தால் கவலையை விடுங்கள். வாரக்கணக்கில் இப்படியே இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.