பள்ளிக் குழாயடியில் சோப்பு இருக்கிறதா?

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். பள்ளி திறந்ததிலிருந்து மூன்று முறை வாந்தி, வயிற்றுப்போக்கு. எடை குறையவில்லை, நன்றாக விளையாடுகிறான். நோய் எதிர்ப்புச் சக்தி குறைவோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு முறை மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன். பையில் சானிடைசர் வைத்து அனுப்புகிறேன். அது விஷம் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பள்ளியில் எல்லோரும் ஒரே சோப்பைத் தொட்டால் கிருமி பரவாதா? - ஒரு தாய்

பதில்: எடை குறையாமல் ஓடியாடும் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாகத்தான் இருக்கும். பயப்படாதீர்கள். சத்து டானிக் வாங்கி வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். நான் பார்க்கச் சொல்வது அவன் கையை.

என்னிடம் வரும் பிள்ளைகளிடம், "எங்கே, கை கழுவிக் காட்டு" என்பேன். சென்ற வாரம் வந்த எட்டு வயதுப் பையன் வலது கையின் நான்கு விரல் நுனியை நனைத்தான், கால்சட்டையில் துடைத்தான், முடிந்தது. நகக்கண்ணில் சாம்பாரின் மஞ்சள் அப்படியே இருந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. சாப்பிட்ட பிறகு பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவும் நாம், சாப்பிடும் முன் ஒரு சிரங்கைத் தண்ணீரோடு விட்டுவிடுகிறோம், அதுவும் சாப்பிடும் கைக்கு மட்டும். கழிவறையில் பயன்பட்ட இடது கைக்கு வெறும் தண்ணீர்தான். அப்புறம் அந்தக் கைதான் டிபன் பாக்ஸைத் திறக்கிறது, பக்கத்துப் பையன் நீட்டும் முறுக்கை வாங்குகிறது. வயிற்றுப்போக்குக் கிருமி பெரும்பாலும் வருகிற வழி இதுதான். தோலில் ஒட்டிய பிசுக்கைக் கிருமியோடு சேர்த்துக் கழற்ற சோப்பு வேண்டும். இரண்டு கையும், விரல் இடுக்கு, கட்டைவிரல், நகம் எல்லாம் 20 விநாடி தேய்க்க வேண்டும்.

சானிடைசர், வாயில் போகாதவரை விஷமில்லை. ஆனால் மண் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸும் புழு முட்டையும் அதற்கு எளிதில் மசியாது. பொதுச் சோப்பைப் பற்றிய கவலையை விடுங்கள். அதில் ஒட்டியிருப்பதும் தேய்த்து அலசும்போது போய்விடும்.

மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் கொடுத்தது தவறு. இந்த வயதில் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸால் வருவது. அதில் ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை, அதுவே பேதியைக் கிளப்பவும் செய்யும். பேதியை நிறுத்தும் மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை வந்தால் எத்தனை தடவை போனான் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். சிறுநீர் போகிறானா என்று பாருங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, நாக்கு வறண்டிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, கூப்பிட்டால் சோர்ந்து படுத்தே கிடக்கிறான் என்றால் உடம்பில் நீர் வற்றுகிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலும் அப்படித்தான். அதுவரை ஓஆர்எஸ். பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். 200 மில்லிக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுங்கள்.

இனி பள்ளி. "கை கழுவு, கை கழுவு" என்று சொல்லிப் பிள்ளைகள் மாறி நான் பார்த்ததில்லை. வங்கதேசத்தில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில், கழிவறையிலிருந்து குழாயடி வரை பாதை போட்டுக் காலடித் தடங்களையும், கழுவும் இடத்தில் கைத் தடங்களையும் வண்ணத்தில் வரைந்து வைத்தார்கள். பாடம் எதுவும் எடுக்கவில்லை. கழிவறை போய்வந்து சோப்புப் போட்டவர்கள் முன்பு நூற்றுக்கு 4 பேர். ஆறு வாரம் கழித்து 74 பேர். உங்கள் பள்ளியிலும் இதைச் செய்ய ஒரு டப்பா பெயிண்ட் போதும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். சோப்பு காணாமல் போகிறது என்பார்கள். வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். அல்லது பழைய தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரை ஊற்றி வைக்கலாம்.

இன்று மாலை மகன் வந்ததும் "கை கழுவினாயா?" என்று கேட்காதீர்கள், கழுவினேன் என்றுதான் சொல்வான். "பள்ளியில் சோப்பு எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். சொல்லத் தெரியாமல் விழித்தால், நாளைக் காலை தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.